மனிதக் குரோமோசோம் எண்: 48 திருத்தப்பட்ட வரலாறு

மனித உடற்செல்லில் 46 குரோமோசோம்கள். விந்திலும் முட்டையிலும் 23. பள்ளிப் பிள்ளைகள் தடுமாறாமல் சொல்லும் இந்தக் கணக்கு 1956இல்தான் உறுதிப்பட்டது. அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்கள் 48 என்றே அச்சிட்டன. அந்தப் பிழை நுண்ணோக்கியில் மட்டும் இருந்ததா, பார்த்தவர்களின் எதிர்பார்ப்பிலும் இருந்ததா என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

முழு எண், பாதி எண் என்ற கருத்து ஒரு புழுவிடமிருந்து வந்தது. 1883இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் எட்வார்ட் வான் பெனெடன், குதிரைக் குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டைகளை ஆராய்ந்தார். எண்ணுவதற்கு அதைவிட வாகான உயிர் கிடைப்பது அரிது. கருவுற்ற முட்டையில் மொத்தமே 4 குரோமோசோம்கள். 2 தந்தையுடையவை, 2 தாயுடையவை. இனச்செல் உருவாகும்போது எண்ணிக்கை பாதியாகாவிட்டால் தலைமுறைதோறும் அது இரட்டித்துக்கொண்டே போகும். ஆகவே குறைக்கும் பகுப்பு ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று 1887இல் ஆகஸ்ட் வைஸ்மான் வாதிட்டார். இந்த இரு நிலைகளுக்கும் ஹாப்ளாய்டு (ஒற்றைமயம்), டிப்ளாய்டு (இரட்டைமயம்) என்று 1905இல் பெயர் சூட்டியவர் தாவரவியலாளர் எட்வார்ட் ஸ்ட்ராஸ்பர்கர். ஒற்றைமயம் என்பது வெறும் பாதி எண்ணிக்கை அன்று. ஒவ்வொரு இணையிலிருந்தும் ஒன்று வீதம் சேர்ந்த குறைவற்ற ஒரு தொகுதி அது.

புழுவில் எளிதாக முடிந்தது மனிதனில் முடியவில்லை. திசுவை மெழுகில் பதித்து மெல்லிய சீவல்களாக அறுத்தால், கத்தி சில குரோமோசோம்களை வெட்டிவிடும். எஞ்சியவை கொட்டிவிட்ட தீக்குச்சிகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். 1912இல் வினிவார்ட்டர் என்ற ஆய்வாளர் ஆணுக்கு 47, பெண்ணுக்கு 48 என்றார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தியோஃபிலஸ் பெயின்டர், மனநல விடுதியில் இருந்தவர்களின் விரைத்திசுவைக் கொண்டு ஆராய்ந்தார். அந்த மனிதர்களின் நிலையை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுதக் கூடாது. மிகத் தெளிவான செல்களில் 46 மட்டுமே தெரிவதாக 1921இல் அவரே குறிப்பிட்டார். ஆனால் 1923இல் 48 என்று முடிவு கட்டினார். விந்து உருவாகும் செல்களில் 24 கண்டதாகவும் எழுதினார். முழுமையும் பாதியும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டியவை. இங்கே ஒரே பிழைக்கு இரண்டும் சாட்சி சொல்லின.

1952இல் கால்வெஸ்டனில் டி. சி. சூவின் ஆய்வகத்தில் செல்களைக் கழுவும் உப்புக்கரைசல் தற்செயலாக நீர்த்துப்போயிருந்தது. நீரை உறிஞ்சிய செல்கள் ஊறவைத்த கடலைபோல் உப்பின. உள்ளே குரோமோசோம்கள் விலகிப் பரவின. அவ்வளவு தெளிவாகப் பார்த்த பிறகும் சூ வெளியிட்ட எண் 48தான். இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதிக்கும் இடம் இதுதான். ஸ்வீடனிலும் ஒரு குழு, கருவின் கல்லீரல் செல்களில் 48ஐயும் காண முடியவில்லை என்று அந்த ஆய்வையே கைவிட்டிருந்தது. அவர்கள் கண்டது 46.

ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ, ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆல்பர்ட் லெவானுடன் பணியாற்றினார். இருவரும் தாவரக் குரோமோசோம்களில் பழகிய கையினர். கருவின் நுரையீரல் செல்களை வளர்த்து, கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளால் பகுப்பை நடுவில் நிறுத்தி, நீர்த்த கரைசலில் உப்பவைத்து, கண்ணாடிச் சில்லின் கீழ் நசுக்கிப் பரப்பினார்கள். 1955 டிசம்பர் 22 அன்று ஜியோ எண்ணியபோது 46 வந்தது. மீண்டும் மீண்டும் எண்ணினார்கள், அதே 46. 1956இல் கட்டுரை வெளியானது.

ஆயினும் அது உடற்செல்லின் எண் மட்டுமே. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் சார்லஸ் ஃபோர்டும் ஜான் ஹேமர்ட்டனும் விரைத்திசுவில், எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பைப் பார்த்தார்கள். அந்தக் கட்டத்தில் தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் இணை இணையாக ஒட்டி நிற்கும். அவர்கள் எண்ணிய இணைகள் 23. பெயின்டர் 24ஐ எந்தத் திசுவில் எண்ணினாரோ, அந்தத் திசுவிலேயே அது திருத்தப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 1959இல், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளின் செல்களில் ஜெரோம் லெஜூனும் உடன் ஆய்ந்தவர்களும் 47 குரோமோசோம்களைக் கண்டு அறிவித்தார்கள். இயல்பான எண் 48 என்றே நிலைத்திருந்தால், அந்த ஒன்றைக் கூடுதல் என்று யாரும் அடையாளம் கண்டிருக்க முடியாது.