பட்டியலும் அதிகாரமும்: தொலைபேசி எண்கள் யார் கையில்?

சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாற்றைப் பட்டியல்களின் வரலாறாகவும் எழுதலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. யார் எங்கே இருக்கிறார்கள், எந்த நாளில் என்ன செலுத்த வேண்டும் என்ற இரண்டு கேள்விகளும் அதிகாரத்தின் ஆதாரக் கேள்விகள். முதலாவது முகவரிப் பட்டியல், இரண்டாவது நாட்காட்டி. இன்று இவை நம் சட்டைப்பைக்குள் செல்போனாக இருக்கின்றன. ஆனால் இருப்பது நம் பையில், மூலப்பிரதி இருப்பது வேறொருவன் கிடங்கில். அதற்கு 'மேகம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் அழகுதான். மழை எங்கே பெய்யும்ங்கிறதை மட்டும் நாம முடிவு பண்ண முடியாது.

செல்போனில் உள்ள எண்களையும் நாள்குறிப்புகளையும் மேகத்துக்கு அனுப்பாமல், வீட்டுக் கம்ப்யூட்டரோடு மட்டும் ஒத்திசைத்து வைத்துக்கொள்ள முடியுமா என்பது தொழில்நுட்பக் கேள்வி போலத் தெரியும். அதற்குள் இருக்கும் அரசியலைப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்குப் போயின. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் கலெக்டராக வந்தார். அவருக்குக் கீழே இருந்த உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு குடியானவன் பெயரிலும் தீர்வை எழுதும் முறையை அவர்கள் இங்கேதான் பழகினார்கள். பின்னாளில் ரயத்துவாரி என்று மாகாணம் முழுக்கப் பரவியது இதுதான். இடைத்தரகன் இல்லாமல் அரசு நேரடியாக உழவனோடு பேசுகிறது என்று இதைப் புகழ்வார்கள். பேசுவதற்கு முன் அவன் பெயரும் வயலும் கலெக்டர் கச்சேரிப் புத்தகத்தில் ஏற வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புத்தகம் கச்சேரியில் இருந்தது. குடியானவனுக்குக் கிடைத்தது பட்டா.

அடுத்த பட்டியல் இன்னும் கொடியது. 1871இல் வடக்கே போடப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பெயர், இருப்பிடம், கைரேகை எல்லாம் பதிவேட்டில். இடம் மாறினால் சொல்ல வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும். முகவரிப் புத்தகமும் நாட்காட்டியும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. மாகாணத்தில் 1947இலும், நாடு முழுக்க 1952இலும் சட்டம் ஒழிந்தது. பெயர்கள் ஒழியவில்லை. 'சேலம் மேல்நாடு கொறவர்', 'சேலம் உப்பு கொறவர்' என்று தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் இந்த ஊரின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டியலில் ஏறுவது சுலபம், இறங்குவது தலைமுறைகளின் வேலை.

இவையெல்லாம் மேலிருந்து எழுதப்பட்ட பட்டியல்கள். கீழிருந்து எழுதப்பட்டவையும் உண்டு. நாமக்கல், சங்ககிரி பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீசுக்குள் போய்ப் பாருங்க. மேசையில் அட்டை கிழிந்த ஒரு டைரி இருக்கும். எந்த ஊரில் யாரிடம் ரிட்டர்ன் லோடு கேட்கலாம், எந்தப் பார்ட்டி வாடகை பாக்கி வைப்பான், வழியில் வண்டி நின்றால் எந்த மெக்கானிக் ராத்திரியிலும் வருவான் என்று பல வருட உழைப்பு அதில் எண்களாகக் கிடக்கும். பக்கத்துச் சுவரில் சிவகாசிக் காலண்டர். எஃப்.சி., இன்சூரன்ஸ், பர்மிட், ஃபைனான்ஸ் டியூ என்று தேதிகளைச் சுற்றிப் பேனா வட்டங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் வட மாநிலங்கள்வரை போய் போர் போட்டுத் திரும்புவதும் இப்படிப்பட்ட நோட்டுகளை நம்பித்தான். இந்த நோட்டு யாருக்கும் கப்பம் கட்டுவதில்லை. தொலைந்தால் நஷ்டம், எரிந்தால் நஷ்டம். ஆனால் முதலாளிக்குத் தெரியாமல் அதை வேறொருவன் படித்துக்கொண்டிருக்க முடியாது.

இந்த நோட்டு எப்படிக் கைமாறியது என்பதுதான் நம் காலத்தின் வரலாறு. 1996இல் 'பைலட்' என்ற கையடக்கக் கருவி அமெரிக்காவில் வந்தது. தொட்டிலில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் அதிலிருந்த முகவரிகளும் நாள்குறிப்புகளும் மேசைக் கம்ப்யூட்டரோடு சரிபார்த்துக்கொள்ளும். இடையில் மூன்றாம் ஆள் கிடையாது. அதே காலத்தில் ஆப்பிள், ஐ.பி.எம்., ஏ.டி. அண்ட் டி., சீமென்ஸ் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு 'விகார்டு' என்ற பொது வடிவத்தை உருவாக்கியது. முகவரிக்கு விகார்டு, நாட்குறிப்புக்கு 'ஐகேலண்டர்' என்று 1998இல் இரண்டும் இணையத்தின் பொதுத் தரங்களாயின. 2000இல் நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா முதலியவை சேர்ந்து 'சிங்க்எம்எல்' என்ற பொது நெறிமுறையைக் கொண்டுவந்தன. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியபோது, ஒரு கேபிளும் கம்பெனி தந்த மென்பொருளும் இருந்தால் நோக்கியா போனின் எண்களைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைக்கலாம். அந்த ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதற்கு முன்பே கேபிளின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

ஒத்திசைவு என்றால் என்ன? லாரியில் ஒரு நோட்டு, ஆபீசில் ஒரு நோட்டு என்று வைத்துக்கொள்வோம். வண்டி திரும்பியதும் இரண்டையும் ஒப்பிடுகிறோம். ஆபீஸ் நோட்டில் ஒரு எண் இருக்கிறது, லாரி நோட்டில் இல்லை. இது ஆபீசில் புதிதாக எழுதியதா, லாரியில் அடித்துவிட்டதா? நோட்டுகளை மட்டும் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. போன தடவை ஒப்பிட்டபோது என்ன இருந்தது என்ற நினைவு வேண்டும். அழித்ததையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரே எண்ணை இரண்டு பேரும் வேறுவேறாகத் திருத்தியிருந்தால் யார் சொல்வது சரி என்று தீர்ப்பும் சொல்ல வேண்டும். ஆக, ஒத்திசைவு என்பது நினைவும் தீர்ப்பும். மேகத்தின் வசதி என்று நமக்கு விற்கப்படுவது இந்த இரண்டு வேலைகளும்தான். சௌகரியம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நினைவையும் தீர்ப்பையும் வெளியே கொடுத்துவிட்டவனிடம் மிச்சம் என்ன?

2008இல் வந்த ஆண்ட்ராய்டு கேபிள்வழி முகவரி ஒத்திசைவைத் தன்னுள் வைத்திருக்கவே இல்லை. கூகுள் கணக்குதான் வழி. 2009இல் பைலட்டின் வாரிசான பாம் நிறுவனம் தன் புதிய போனில் தொட்டில்முறையைக் கைவிட்டது. 2010இல் மைக்ரோசாஃப்ட்டின் புதிய போனிலும் மேசை அவுட்லுக்கோடு நேரடி ஒத்திசைவு இல்லை. 2013 அக்டோபரில் ஆப்பிள் தன் புதிய மேக் இயங்குதளத்தில் கேபிள்வழி முகவரி, நாட்காட்டி ஒத்திசைவை எடுத்துவிட்டது. பயனாளிகள் விடாமல் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2014 மே மாதம் அதைத் திரும்பக் கொடுத்தார்கள். இந்தச் சின்ன வெற்றியை நம் ஆட்கள் கவனிக்க வேண்டும். 'காலம் மாறிடுச்சு, இனி இப்படித்தான்' என்பது இயற்கை விதி அல்ல, ஒரு கம்பெனியின் தீர்மானம். தீர்மானத்தை மாற்றவும் முடியும்.

இன்னொரு பாதையும் இதே காலத்தில் உருவானது. 2007இல் 'கேல்டாவ்', 2011இல் 'கார்டுடாவ்' என்று இரண்டு திறந்த நெறிமுறைகள் வெளியாயின. மேகக் கம்பெனிகளும் இவற்றைப் பயன்படுத்துகின்றன. ஆனால் இவற்றைப் பேசத் தெரிந்த எந்தக் கம்ப்யூட்டரும் மேகத்தின் இடத்தில் உட்காரலாம், உங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் உட்பட. 'ராடிகேல்' என்ற சிறிய இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்யும். ஆண்ட்ராய்டு போனில் 'டேவ்எக்ஸ்5' என்ற செயலி வேண்டும். ஐபோனுக்கு அதுவும் தேவையில்லை, இரண்டு நெறிமுறையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. மேசையில் 'தண்டர்பேர்டு' போதும். வீட்டு வைஃபைக்குள் போன் வந்ததும் இரண்டு நோட்டும் ஒப்பிட்டுக்கொள்ளும். இணைய இணைப்பு அறுந்து கிடந்தாலும் நடக்கும். நான் ராசிபுரத்தில் இப்படித்தான் வைத்திருக்கிறேன். ராடிகேல் ஒவ்வொரு முகவரியையும் தனித்தனிக் கோப்பாக எழுதி வைப்பதால், மென்பொருளே செத்துப்போனாலும் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து படிக்கலாம். அந்தப் பழைய டைரியின் குணம் இதில் இருக்கிறது.

திறந்த தரங்கள் என்றவுடன் அவை எல்லோருக்கும் பொதுவானவை என்று நம்பிவிடக் கூடாது. விகார்டைத் திறந்து பாருங்கள். பெயருக்கு ஐந்து அறைகள், முதல் அறை குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டொழிக்கச் சொன்னது. 1944 ஆகஸ்டில் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. அந்த இயக்கம் பரவிய நிலத்தில் பெயருக்குப் பின்னால் இருந்த சாதி உதிர்ந்து, முன்னால் தகப்பன் பெயரின் ஒற்றை எழுத்து நின்றது. (தாயின் எழுத்துக்கு இடமில்லாமல் போனது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.) ஐந்தறைப் பெட்டி இந்த வரலாற்றை அறியாது. குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தது. 2011இல் வந்த விகார்டின் நான்காம் பதிப்பில்தான் அந்த ஐந்தறை கட்டாயமில்லை, முழுப்பெயர் ஒன்று போதும் என்று ஆனது. நம் ஊர்க்காரன் அதற்கு முன்பே தீர்வு கண்டுவிட்டான். அவன் போனில் இருப்பது 'சங்ககிரி புக்கிங்', 'டயர்கடை அண்ணன்', 'ஆத்தூர் சித்தி'. ஊர், தொழில், உறவு, அவ்ளோதான்.

எழுத்திலும் இதே கதை. 'சேலம்' என்று படிக்க மூன்றெழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள், அவை பதினைந்து பைட்டுகள். பழைய விகார்டு முறையில் பாதுகாப்பாக மாற்றி எழுதினால் 45 குறிகள். ஆங்கிலத்தில் அதே ஊருக்கு ஐந்து போதும். நீண்ட வரியை மடக்கும்போது அவசர மென்பொருள் ஒரு தமிழெழுத்தின் நடுவில் வெட்டிவிட்டால் பெயர் கட்டம் கட்டமாகச் சிதறும். தமிழ்ப் பெயர்களைப் போனில் பலரும் ஆங்கில எழுத்தில் அடிப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல.

நாட்காட்டிக்கு வருவோம். கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா ஆடி 17, 18இல் நடக்கிறது. ஆடிப்பெருக்கு ஒரு வருஷம் ஆகஸ்ட் 2, இன்னொரு வருஷம் ஆகஸ்ட் 3. 'ஆண்டுதோறும்' என்று போனில் போட்டால் அது ஆங்கிலத் தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். 2015இல் கிரிகோரியன் அல்லாத ஆண்டுமுறைகளில் 'ஆண்டுதோறும்' சொல்ல ஒரு தரம் வெளியானது. 1957இல் இந்திய அரசு ஏற்ற சக ஆண்டுக்கு அதில் வழியுண்டு. நம் வீட்டுப் பஞ்சாங்கத்துக்கு இல்லை. வாக்கியமா, திருக்கணிதமா என்று நமக்குள்ளேயே தீராத வழக்கு அது. ஆனால் நாட்காட்டி நம் கம்ப்யூட்டரில் கோப்பாக இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை ஆடி 18ஐ நாமே எழுதிச் சேர்க்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

"நம்ம போன்ல என்னங்க பெரிய ரகசியம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2018ஐ நினைவுபடுத்துகிறேன். சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காக 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்களில் மறுபடி அளவுக்கல் நட்டார்கள். ரீட் துரை அளந்த அதே சேலம் மண். எதிர்த்தவர்கள் கைதானார்கள். நிலம் கையகப்படுத்தும் நடவடிக்கையை 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. ஐந்து மாவட்டத்து விவசாயிகளை இணைக்கும் ஒரு போராட்டத்தில் யாரை யாருக்குத் தெரியும் என்பதைவிட மதிப்புள்ள ஆவணம் எது? அதே 2018 மே மாதம், தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த நாள், தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். பட்டியல் மேகத்தில் மட்டும் இருந்தவனுக்கு அன்று பட்டியல் இல்லை.

வீட்டில் வைப்பது முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் போலீஸ் வரலாம், ஹார்டு டிஸ்க் சாகலாம், பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கும் பாரம் நம் தலையில். வாட்ஸ்அப்புக்கு முகவரிப் புத்தகத்தைத் திறந்துவிட்டால் மற்ற ஏற்பாடெல்லாம் பாதி வீண். இருந்தும், வாரண்டோடு வாசலில் நிற்பவனை நமக்குத் தெரியும். கிடங்கில் புரட்டுபவனைத் தெரியாது.

என் போனில் உள்ள எண்கள் என்னுடையவை அல்ல என்பதுதான் இதில் முக்கியமானது. அவை மற்றவர்கள் என்னை நம்பிக் கொடுத்தவை. என் எண்ணைக் கம்பெனிக்குக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கலாம். ஆத்தூர் சித்தியின் எண்ணை, நிலம் போகும் என்று பயந்து கூட்டத்துக்கு வந்த ஒரு விவசாயியின் எண்ணைக் கொடுக்க எனக்கு யார் அதிகாரம் தந்தது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்சநீதிமன்றம் சொன்னது. தனிமனிதரின் உரிமையாகவே அதை நாம் வாசித்துப் பழகிவிட்டோம். முகவரிப் புத்தகம் தனிமனிதச் சொத்தல்ல, ஓர் உறவுக் கூட்டம். கச்சேரிப் புத்தகமும் ஆஜர் பதிவேடும் அந்த உறவுகளை அறுத்துத் தனித்தனிப் பெயர்களாக நிறுத்தின. புக்கிங் ஆபீஸ் டைரி அவற்றைச் சேர்த்து வைத்தது. அமைப்புகள், சங்கங்கள், வாசகர் வட்டங்கள் நடத்தும் நண்பர்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும்: நம் உறுப்பினர் பட்டியலின் மூலப்பிரதி இப்போது எங்கே இருக்கிறது?