புரையேறினா யாரோ நினைக்கிறாங்க

ஒரு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. இன்னிக்கு எழுதப்போறது நான் பல வருஷமா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

சாப்பிடும்போது புரையேறினா உச்சந்தலையில ரெண்டு தட்டு தட்டி, "யாரோ நினைக்கிறாங்க"ன்னு சொல்றது நம்ம வீடுகள்ல வழக்கம். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு உக்காந்திருக்கிற வீட்ல அந்த 'யாரோ' யாருன்னு தனியா சொல்ல வேண்டாம்.

2009 ஆகஸ்ட். அப்பா பெங்களூர் ஐ.டி.ஐ.யில வேலை பார்த்து ரிடையர் ஆனவர், அல்சூர்ல வீடு. ஒரு நாள் காலையில பல் தேய்க்கப் போனவர் வலது கை விளங்காம அப்படியே உக்காந்துட்டார். பேச்சு குழறிடுச்சு. பக்கவாதம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. மறுநாள் சாயந்திரம் அம்மா போன். எனக்கு இங்க சிட்னியில ராத்திரி பத்தரை.

"காபி கேக்கறாருடா. நர்ஸம்மா ஒண்ணும் சொல்லலை. குடுக்கலாமா?"

"கேட்டா குடுங்கம்மா, பாவம்"னு சொன்னவன் நான்தான்.

கால் மணி நேரம் கழிச்சு மறுபடி போன். "ஸ்பூன்ல குடுத்தேன். நாலு வாய் குடிச்சார். லேசா புரையேறிச்சு. நீதான் நினைச்சிருப்பே." அம்மா சிரிச்சாங்க.

அதுக்கு மறுநாள் காய்ச்சல், அப்புறம் ஐ.சி.யூ. நான் டிக்கெட் போட்டு வந்து நின்னப்போ அப்பா வாயில குழாய் இருந்தது. பதினோராம் நாள் போயிட்டார். டாக்டர் சொன்ன பேர் ஆஸ்பிரேஷன் நிமோனியா. வயித்துக்குப் போக வேண்டியது மூச்சுக்குழாயில இறங்கி, நுரையீரல்ல கிருமி பத்திக்கிறது. காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாங்க: "அந்தக் காபியாலயாடா?" இல்லம்மான்னு சொன்னேன். தெரிஞ்சு சொல்லலை. நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்லை. அந்தப் பதில் உறுத்திக்கிட்டே இருந்ததாலதான் இந்தக் கதையைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

முதல்ல கிடைச்சது ஒரு கால் நகம். 1848 ஜனவரி 28, இங்கிலாந்துல நியூகாசிலுக்குப் பக்கத்துல வின்லட்டன்கிற ஊர். ஹன்னா கிரீனர், 15 வயசுப் பொண்ணு. கால் நகத்தை எடுக்க குளோரோஃபார்ம் கொடுத்தாங்க. பொண்ணு வெளிறிப் போச்சு. பதறின டாக்டர் மயக்கம் தெளியட்டும்னு வாயில பிராந்தி ஊத்தினார். சில நிமிஷத்துல உயிர் போயிடுச்சு. குளோரோஃபார்மை மருத்துவத்துக்குக் கொண்டு வந்த எடின்பரோ டாக்டர் ஜேம்ஸ் சிம்சன், கொன்னது மருந்தில்லை, மயக்கத்துல வாயில ஊத்தினதுதான்னு வாதாடினார். விசாரணையில குளோரோஃபார்ம் மேலதான் பழி விழுந்தது. தன் மருந்தைக் காப்பாத்தத்தான் அவர் அப்படிப் பேசினார்னு எனக்கும் தோணுது. ஆனா, நினைவில்லாதவங்க வாயில அன்பா ஊத்தறதே ஆபத்தா இருக்கலாம்கிற பேச்சு அப்பவே எழுந்திருக்கு. நம்ம ஊர்ல யாராவது மயங்கி விழுந்தா இன்னிக்கும் முதல்ல வர்றது ஒரு சோடா பாட்டில்தானே!

அடுத்த பெரிய பேர் கர்ட்டிஸ் மெண்டல்சன், நியூயார்க் மகப்பேறு டாக்டர். 1946-ல அவர் எழுதின கட்டுரையில 44,016 பிரசவக் கேஸ்கள். அதுல 66 பேருக்கு, மயக்க நிலையில வயித்துல இருந்தது நுரையீரலுக்குப் போயிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னாடி பச்சைத்தண்ணி கூடக் கூடாதுங்கிற விதி இறுகினதுல அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

பக்கவாதத்துக்கு அந்தக் கவனம் வர ரொம்ப நாளாச்சு. வழி காட்டினது பேச்சுப் பயிற்சியாளர்கள். பேசற தசையும் விழுங்கற தசையும் பெரும்பாலும் ஒண்ணுதானே. அமெரிக்காவுல ஜெரி லோகமன்கிற அம்மா, நோயாளிக்கு பேரியம் கலந்ததைக் கொடுத்து, அது தொண்டையில இறங்கறதை எக்ஸ்ரேயில படமா ஓட்டிப் பார்த்தாங்க. 1983-ல அவங்க எழுதின புத்தகம்தான் இந்தத் துறைக்கே பாடம். அந்தப் படங்கள்ல தெரிஞ்ச ஒரு விஷயம் என்னைத் தூங்க விடலை. பல பேருக்கு மூச்சுக்குழாயில இறங்கும்போது இருமலே வர்றதில்லை. புரையேறலையேன்னு நாம நிம்மதியா இருப்போம், உள்ளே இறங்கிக்கிட்டே இருக்கும்.

எக்ஸ்ரே எல்லா இடத்துலயும் கிடைக்காது. 1992-ல நியூயார்க் பக்கம் டிபிப்போ குழுவினர் எளிமையா ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. சுமார் 90 மில்லி தண்ணியை நிறுத்தாம குடிக்கச் சொல்லணும். ஒரு நிமிஷத்துக்குள்ள இருமினாலோ, குரல் ஈரமா கரகரத்தாலோ, வாய்வழி எதுவும் கொடுக்கறதை நிறுத்திட்டு மேற்கொண்டு பரிசோதிக்கணும். (பயிற்சி உள்ளவங்க செய்ய வேண்டியது. தயவுசெஞ்சு வீட்ல செஞ்சு பார்க்காதீங்க.) 2005-ல அமெரிக்காவுல 15 ஆஸ்பத்திரிகளைப் பார்த்தப்போ, இந்த மாதிரி விழுங்கல் பரிசோதனையை முறையா வச்சிருந்த இடங்கள்ல நிமோனியா 2.4 சதவீதம். மத்த இடங்கள்ல 5.4.

அதாவது அப்பா விழுந்தப்போ இந்த விஷயம் தெரிஞ்சு பதினேழு வருஷம் ஆகியிருந்தது. பெங்களூர் ஒண்ணும் இதுல பட்டிக்காடு இல்லை. மூளைக்குன்னே 1974-லேர்ந்து நிம்ஹான்ஸ் இருக்கற ஊர். பேச்சுப் பயிற்சியாளர்களைப் படிக்க வைக்கிற அகில இந்திய நிறுவனம் 1965-லேர்ந்து பக்கத்துல மைசூர்லயே இருக்கு. பெங்களூர் ஆஸ்பத்திரிகள்ல பக்கவாதக் கேஸ்களைக் கணக்கெடுத்து நிம்ஹான்ஸ் டாக்டர்கள் கட்டுரை வெளியிட்டதும் அதே 2009-லதான். ஆனா ஊர்ல அறிவு இருக்கறது வேற, நம்ம அப்பா படுத்திருக்கிற கட்டில் வரைக்கும் அது வந்து சேர்றது வேற.

எனக்கு இன்னும் வலிச்ச இடம் அடுத்தது. அதே 2009-ல, நான் உக்காந்திருந்த இதே நியூ சவுத் வேல்ஸ்ல, சாண்டி மிடில்டன்கிற நர்சிங் பேராசிரியர் 19 பக்கவாதப் பிரிவுகள்ல ஒரு ஆய்வு நடத்திக்கிட்டிருந்தாங்க. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல், இந்த மூணையும் முதல் மூணு நாள் நர்சுகளே விடாம கவனிக்கணும். முடிவு 2011-ல லான்செட்ல வந்தது. மூணு மாசம் கழிச்சு இறந்தவங்க அல்லது அடுத்தவர் துணை இல்லாம இருக்க முடியாதவங்க, வழக்கமான இடங்கள்ல 58 சதவீதம், இந்தப் பயிற்சி கொடுத்த இடங்கள்ல 42. நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். நிமோனியா எண்ணிக்கையில மட்டும் ரெண்டு பக்கமும் வித்தியாசம் தெரியலை.

அங்கேதான் அம்மா கேள்விக்கு ஒரு பதில் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. 1998-ல சூசன் லாங்மோர் 189 முதியவங்களை நாலு வருஷம் வரைக்கும் கவனிச்சு எழுதினாங்க. விழுங்கல் கோளாறு மட்டுமே நிமோனியாவுக்குப் போதாது. அடுத்தவர் ஊட்டி விட வேண்டிய நிலை, அடுத்தவர் வாய் சுத்தம் செஞ்சு விட வேண்டிய நிலை, சொத்தைப் பற்கள், இதெல்லாம்தான் முன்னாடி நின்னது. இறங்கறது காபியா எச்சிலாங்கிறதை விட, அது கூட எவ்வளவு கிருமி போகுதுங்கிறது முக்கியம். ஜப்பான்ல 11 முதியோர் இல்லங்கள்ல 417 பேரை ரெண்டு வருஷம் பார்த்து 2002-ல எழுதினாங்க. வழக்கப்படி விட்டவங்கள்ல நிமோனியா 19 சதவீதம், சாப்பாட்டுக்கு அப்புறம் பல் தேய்ச்சு விட்டவங்கள்ல 11. அவங்க புதுசா பக்கவாதம் வந்தவங்க இல்லைதான். ஆனாலும் ஒரு பிரஷ்!

2003-ல பெர்லின்ல எலிகளை வச்சு இன்னொண்ணு காட்டினாங்க. மூளை அடிபட்டதுமே உடம்போட எதிர்ப்பு சக்தி சில நாளைக்குப் படுத்துடுது. சரி, முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துட்டா? 2015-ல ரெண்டு பெரிய ஆய்வு, நெதர்லாந்துல 2,538 பேர், பிரிட்டன்ல 48 பக்கவாதப் பிரிவுகள்ல 1,217 பேர். ரெண்டுலயும் நிமோனியா குறையலை. மூக்குக் குழாயும் முழுக் காவல் இல்லை. சோறு குழாய்ல போகும், எச்சில் அது பாட்டுக்கு இறங்கும்.

நம்ம ஊர்ல இந்த வேலையில பாதி ஆஸ்பத்திரி தலையில இல்லை, கட்டிலுக்குக் கீழே பாய் விரிச்சுப் படுத்திருக்கிற அம்மாக்கள் தலையிலதான். குடும்பத்தாருக்கே பக்கவாத மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்தா என்னன்னு 14 இந்திய ஆஸ்பத்திரிகள்ல 1,250 பேரை வச்சுப் பார்த்து, 2017-ல முடிவு சொன்னாங்க. பெரிசா பலன் தெரியலை. எனக்கு அதுல ஆச்சரியம் இல்லை. பாயில படுத்திருக்கிறவங்க மேலேயே எல்லாத்தையும் ஏத்த முடியாது.

உங்கள்ல யாருக்காவது இந்த மாதிரி ராத்திரி போன் வந்தா, தயவுசெஞ்சு நான் சொன்னதைச் சொல்லாதீங்க. விழுங்கற டெஸ்ட் செஞ்சாங்களான்னு கேளுங்க. அது வரைக்கும் ஒரு சொட்டும் வேண்டாம். அப்புறம் கொடுக்கச் சொன்னா நல்லா நிமிர்த்தி உக்கார வச்சு, முழிச்சிருக்கும்போது மட்டும். வாயைச் சுத்தம் பண்ணி விடறாங்களான்னும் கேளுங்க.

போன மாசம் இதையெல்லாம் அம்மாகிட்ட போன்ல சொன்னேன். முதல் தடவையா. நடுவுல பேசாம கேட்டாங்க.

"அப்போ காபியாலயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதானே?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அத்தனை நாள்ல ஒரு தடவை கூட வாய் தேய்ச்சு விடலையேடா. அன்னிக்குக் காலையில அவர் பல் தேய்க்கத்தானே போனார்"னு சொல்லிட்டு, சாப்பிட்டியான்னு கேட்டாங்க.