புயல் சாய்த்த மரங்களும் சோக்கும்: மேல்பட்டாம்பாக்கம் வட்டாரத்தில் மர அறுவை

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே ரயில் பாதையை ஒட்டி அமைந்த மேல்பட்டாம்பாக்கத்தின் சுற்றுவட்டாரம் பலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போனது. போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்கு வந்த முந்திரி இங்குள்ள செம்மண்ணில் தோப்புத் தோப்பாகப் பரவியது. பண்ருட்டிப் பலாவின் வைரம் பாய்ந்த கட்டையோ தஞ்சாவூர் வீணைக்குக் குடமாகவும் மிருதங்கத்துக்குக் கட்டையாகவும் சென்றது. கோடரியால் சாய்த்த அடிமரத்தைக் குழியின் குறுக்கே ஏற்றி, கரி தோய்த்த நூலைத் தெறித்துக் கோடிட்டு, ஒருவர் மேலும் ஒருவர் குழிக்குள்ளுமாக நின்று நீண்ட ரம்பத்தை இழுத்து அறுப்பதே பழைய முறை. மரத்தூள் முகத்தில் கொட்டக் கொட்ட இழுத்த கீழாளின் பாடுதான் அதில் கொடியது.

அந்த உழைப்பைக் குறைத்த பெட்ரோல் சங்கிலி ரம்பம் 1920களின் இறுதியில் ஜெர்மனியில் உருவானது. தொடக்கத்தில் அதைத் தூக்கவே இருவர் தேவைப்பட்டனர். ஸ்டில் நிறுவனம் 1950இல்தான் ஒருவரே கையாளும் ரம்பத்தை வெளியிட்டது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் அக்காலத்தில் மிதவை இருந்தமையால், ரம்பத்தைச் சாய்த்தால் எஞ்சின் நின்றுவிடும். மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு வந்த பிறகே எந்தக் கோணத்திலும் அறுக்க முடிந்தது.

சோக் என்பது அக்கார்புரேட்டரின் காற்று வழியை மூடும் சிறு தகடு. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது என்பதால், காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலை மிகுவிக்க இது பயன்படுகிறது. சோக்கைப் போட்டுக் கயிற்றை இழுக்கும்போது எஞ்சின் ஒருமுறை உறுமி அடங்கும். அந்த நொடியிலேயே சோக்கை எடுத்துவிட்டு மீண்டும் இழுக்க வேண்டும். உறைபனி காணாத இக்கரையில் சோக்கின் தேவை மிகக் குறுகியது, சூடான எஞ்சினுக்கோ அது தேவையே இல்லை. இதை அறியாமல் சோக்கோடு இழுத்துக்கொண்டே இருந்தால் பிளக் பெட்ரோலில் நனைந்து தீப்பொறி அற்றுப்போகும். பிளக்கைக் கழற்றித் துடைத்து, சோக்கைத் திறந்து வைத்துச் சிலமுறை இழுத்து, உள்ளே தேங்கியதை வெளியேற்றிய பின்பே எஞ்சின் மறுபடி உயிர்பெறும்.

இச்சிறு நுட்பம் இவ்வட்டாரத்தில் எத்துணை முக்கியமானது என்பதை 2011 டிசம்பர் 30 அன்று விடியலில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் காட்டியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து சாலைகள் அடைபட்ட நிலையில், அவற்றை அறுத்து வழி திறக்கச் சங்கிலி ரம்பங்கள் இறங்கின. தலைமுறைகளாக வளர்ந்த தோப்பு ஒரே இரவில் விறகாகிய அத்துயரத்தை எந்த இயந்திரத்தாலும் ஈடுசெய்ய முடியாது. ஆயினும் மருத்துவ ஊர்தி செல்லச் சாலை திறந்தாக வேண்டியிருந்தது.

2020இன் நிவர், 2024இன் ஃபெஞ்சல் ஆகிய புயல்களையும் கண்ட இக்கரையில், பருவமழைக்கு முன் மர அறுவை இயந்திரங்களை ஆயத்தம் செய்வது நிர்வாகத்தின் வழக்கமாகிவிட்டது. எனினும் ஆயில் கலந்த பழைய பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கிலேயே விட்டால் அது பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். புயலன்று ஸ்டார்ட் ஆகாத ரம்பத்தில் சோக்கைக் குறைகூறுவோர் பலர், கோளாறோ பெரும்பாலும் கோடையிலேயே தொடங்கியிருக்கும்.