ஹஜ்ஜுப் பெருநாளும் வாயில்லாப் பிராணிகளும்: ஒரு வரலாற்றுப் பார்வை



 

துல்ஹிஜ்ஜா மாதம் பிறந்துவிட்டால் உழ்ஹிய்யாவின் சிறப்புக்கள் பற்றி மிம்பர்களில் நிறையவே பேசுகின்றோம். ஸூரதுல் ஹஜ்ஜின் 37ஆவது வசனம் ஓதப்படாத பெருநாள் குத்பா இல்லை என்றே கூறலாம். ஆனால் அறுக்கப்படும் பிராணியின் பக்கம் நின்று, அறுக்கப்படும் நிலத்தின் பக்கம் நின்று இப்பெருநாளின் வரலாற்றை நாம் எடுத்துரைப்பது மிகக் குறைவு. கடந்த காலங்களில் இக்குறை எம்மிடமும் இருந்தது. ஆகவே இன்று அவ்வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போம்.

ஹஜ்ஜின் முதற் படி இஹ்ராம். இஹ்ராம் அணிந்தவர் தரைவாழ் பிராணிகளை வேட்டையாடுவது ஹராம் என்று ஸூரதுல் மாஇதா தடை விதிக்கின்றது. வேண்டுமென்றே கொன்றுவிட்டால் அதற்கீடான பரிகாரத்தை நீதமுள்ள இருவர் தீர்ப்பளிக்க வேண்டும். மக்காவின் ஹரம் எல்லைக்குள் இஹ்ராம் அணியாதவருக்கும் வேட்டை தடையாகும். அங்கே தானாக முளைத்த மரஞ்செடிகளை வெட்டுவதும் கூடாது. மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் இதனை அறிவித்த வேளையில், அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரழி) அவர்கள் குறுக்கிட்டு, கொல்லர்களுக்கும் வீட்டுக் கூரைகளுக்கும் தேவைப்படும் ‘இத்கிர்’ என்னும் புல்லுக்கு மாத்திரம் விலக்குக் கேட்டார்கள். நபியவர்கள் அதனை வழங்கினார்கள். ஒரு புல்லுக்கு அனுமதி கேட்க வேண்டியிருந்ததென்றால், ஏனைய தாவரங்களுக்கு எத்தகைய பாதுகாப்பு இருந்தது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (கி.பி. 628) ஹுதைபிய்யாப் பயணத்தில் நடந்த ஒரு சம்பவத்தை இமாம்களான புகாரி, முஸ்லிம் (றஹ்) ஆகிய இருவரும் பதிவு செய்துள்ளனர். அபூ கதாதா (ரழி) அவர்கள் மட்டும் இஹ்ராம் அணிந்திருக்கவில்லை. காட்டுக் கழுதையொன்றைக் கண்டு குதிரை மீது பாய்ந்தேறினார்கள். அவசரத்தில் சாட்டை கீழே விழுந்துவிட்டது. அதை எடுத்துத் தருமாறு தோழர்களிடம் கேட்டார்கள். இஹ்ராத்தில் இருந்த தோழர்கள் மறுத்துவிட்டனர். அவர் தாமே இறங்கி எடுத்துக்கொண்டு சென்று வேட்டையாடினார். பின்னர் விடயம் நபியவர்களிடம் சென்றபோது, உங்களில் எவரேனும் அவரைத் தூண்டினீர்களா, அல்லது அப்பிராணியைச் சுட்டிக் காட்டினீர்களா என்றுதான் முதலில் விசாரித்தார்கள். சாட்டையை எடுத்துக் கொடுப்பதைக்கூடத் தவிர்த்துக்கொண்ட கூட்டம் அது!

இமாம் ஷாபிஈ (றஹ்) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு செய்தி இதைவிட வியப்பானது. கலீபா உமர் (ரழி) அவர்கள் மக்காவில் தாருந் நத்வாவினுள் நுழைந்து தமது மேலாடையைக் கழற்றி வைத்தார்கள். அதன்மீது புறாவொன்று வந்தமர்ந்தது. ஆடை அசுத்தமாகிவிடும் என்றஞ்சி அதனைப் பறக்கவிட்டார்கள். அது வேறோர் இடத்தில் போயமர, அங்கிருந்த பாம்பு அதனைக் கொன்றுவிட்டது. பாதுகாப்பான இடத்திலிருந்து அதன் மரணம் இருந்த இடத்துக்கு நானல்லவா விரட்டினேன் என்று கலீபா கலங்கினார்கள். உஸ்மான் (ரழி) அவர்களையும் நாபிஃ இப்னு அப்தில் ஹாரிஸ் (ரழி) அவர்களையும் அழைத்துத் தம்மீது தீர்ப்பளிக்குமாறு பணித்தார்கள். ஆடொன்று பரிகாரம் என அவ்விருவரும் தீர்ப்பளித்தனர். பாரசீகமும் ரோமும் எவர் பெயரைக் கேட்டு நடுங்கினவோ, அவர் ஒரு புறாவுக்காகக் குற்றவாளிக் கூண்டில் தாமே ஏறி நின்ற வரலாறு இது.

நேயர்களே! இனி அறுப்புக்கு வருவோம்.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு (கி.பி. 632) ஹஜ்ஜத்துல் விதாவில் நபி (ஸல்) அவர்களின் சார்பில் மினாவில் நூறு ஒட்டகங்கள் அறுக்கப்பட்டன. அறுபத்து மூன்றைத் தமது கரத்தாலேயே அறுத்தார்கள். எஞ்சியவற்றை அலீ (ரழி) அவர்கள் அறுத்தார்கள். பெரும்பாலான சொற்பொழிவுகள் இவ்வெண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. அதன் பின்னர் நடந்ததே எமக்கு வேண்டியது. ஒவ்வோர் ஒட்டகத்திலிருந்தும் ஒரு துண்டு எடுக்கப்பட்டு ஒரே சட்டியில் சமைக்கப்பட்டது. அவ்விருவரும் அவ்விறைச்சியை உண்டு, ஆணத்தையும் அருந்தினார்கள். மீதி இறைச்சி, தோல், ஒட்டகங்களின் முதுகில் போர்த்தியிருந்த துணிகள் அனைத்தையும் ஸதகாவாகப் பங்கிடுமாறும், அறுத்து உரித்தவருக்குக் கூலியாக அதிலிருந்து எதையும் கொடுக்கக் கூடாதென்றும் அலீ (ரழி) அவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். கூலி தம் கையிலிருந்து வழங்கப்பட்டது. நூறு ஒட்டகங்களில் போர்வைத் துணியேனும் வீணாகவில்லை.

மதீனாவில் ஓராண்டு, வறிய கிராமத்து அறபிகள் பெருநாளையொட்டி நகருக்குள் வந்து சேர்ந்தனர். குர்பான் இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் எவரும் வைத்திருக்கலாகாது என நபியவர்கள் தடை செய்தார்கள். மறு ஆண்டு மக்கள், நாம் கொழுப்பை உருக்கி வைப்போமே, தோலில் நீர்ப்பைகள் செய்வோமே, அவற்றையும் விட்டுவிட வேண்டுமா என்று வினவினர். அன்று வந்திருந்த ஏழைகளுக்காகவே தடுத்தேன். இனி உண்ணுங்கள், சேமியுங்கள், தர்மமும் செய்யுங்கள் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். நிலைமைக்கேற்பப் பங்கீடு மாறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை. தோலும் கொழுப்பும் அக்கால வீடுகளில் பாவனைப் பொருட்களாகவே இருந்தன என்பதும் இதிலிருந்து விளங்குகின்றது.

அறுக்கும் முறைக்கு அடிப்படையாக அமைந்தது ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ். எல்லாவற்றிலும் இஹ்ஸானை அல்லாஹ் விதித்துள்ளான் என்று தொடங்கி, கத்தியைக் கூராக்கிக்கொள்வதையும் பிராணிக்கு ஆறுதல் அளிப்பதையும் அது கட்டளையிடுகின்றது. இமாம் நவவி (றஹ்) அவர்கள் தமது நாற்பது ஹதீஸ்களில் இதனைப் பதினேழாவதாகச் சேர்த்திருப்பதால் மத்ரஸாவின் ஆரம்ப வகுப்பு மாணவரும் இதனை மனனம் செய்திருப்பர். ஆட்டைக் கிடத்திவிட்டு அதன் கண்ணெதிரே கத்தி தீட்டிய ஒருவரை, அதனை இரு முறை சாகடிக்க நாடுகிறீரா என நபியவர்கள் கண்டித்த செய்தியும் உண்டு. கத்தியைப் பிராணியின் முன்னிலையில் தீட்டாதிருப்பதும், ஒன்றை மற்றொன்றின் கண்ணெதிரே அறுக்காதிருப்பதும் விரும்பத்தக்கவை என நவவி இமாம் விளக்கமளிக்கின்றார்கள்.

அறபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் என்னை நிறுத்தி வைத்த ஒரு பக்கம் உண்டு. ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) வபாத்தான ஸுல்தானுல் உலமா இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (றஹ்) அவர்கள் தமது ‘கவாஇதுல் அஹ்காம்’ நூலில், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகின்றார்கள். கிழடாகி, நோயுற்று, எவ்வித பயனும் தராத நிலையிலும் அதற்குத் தீனி போட வேண்டும்; சக்திக்கு மேல் சுமை ஏற்றலாகாது; அதற்குத் தீங்கிழைக்கும் பிராணிகளுடன் ஒன்றாக அடைக்கலாகாது; அதன் குட்டிகளை அதன் பார்வையில் படும்படி அறுக்கலாகாது. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு ஷாபிஈ மத்ஹப் அறிஞர், தாய் ஆட்டின் கண்ணைப் பற்றிச் சட்டம் எழுதியிருக்கின்றார். விலங்குகளின் நலன் மேற்கிலிருந்து இறக்குமதியான சிந்தனை என்று எம்மில் சிலர் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் அந்தப் பக்கமே என் நினைவுக்கு வரும்.

இவை ஏட்டோடு நிற்கவில்லை. கி.பி. 717 முதல் 720 வரை ஆட்சி செய்த கலீபா உமர் இப்னு அப்தில் அஸீஸ் (றஹ்) அவர்கள், எகிப்தில் ஒட்டகங்கள் மீது ஆயிரம் ராத்தல் ஏற்றப்படுவதாக அறிந்து, அறுநூறுக்கு மேல் ஏற்றக் கூடாது எனத் தமது ஆளுநருக்கு எழுதினார்கள். சந்தைகளை மேற்பார்வை செய்த முஹ்தஸிப் எனும் அதிகாரிக்காக ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ என்பார் எழுதிய கைநூலில் இறைச்சிக் கடைக்காரர்களுக்குத் தனி அத்தியாயமே உண்டு. ஆட்டைக் காலைப் பிடித்து இழுத்துச் செல்லக் கூடாது. மழுங்கிய கத்தியால் அறுக்கக் கூடாது. உயிர் முற்றாகப் பிரிந்து உடல் குளிரும் முன் தோலுரிக்கக் கூடாது. கடை வாசலில் அறுத்தால் இரத்தமும் சாணமும் பாதையை அசுத்தமாக்கும். ஆகவே அதற்கென உள்ள இடத்திலேயே அறுக்க வேண்டும். எமது உள்ளூராட்சி மன்றங்களின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இன்று கூறுவதை அன்றைய முஹ்தஸிப் கூறியிருக்கின்றார்.

இவ்வளவு சட்டங்கள் இருந்தும் மினாவில் நிலைமை கைமீறிய காலமும் வந்தது. அதனையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

1865ஆம் ஆண்டு ஹஜ்ஜில் வாந்திபேதி பரவி, சுமார் 15,000 ஹாஜிகள் மரணித்ததாக மதிப்பிடப்படுகின்றது. மறு ஆண்டு இஸ்தான்பூலில் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. மினாவில் அழுகிக் கிடந்த அறுப்புக் கழிவுகளே நோய்க்குக் காரணம் என ஐரோப்பிய மருத்துவர் பலர் குற்றஞ்சாட்டினர். வாந்திபேதி அசுத்த நீரால் பரவுவது என்பது பின்னர் ஐயமற நிறுவப்பட்டது. ஆகவே அக்குற்றச்சாட்டு முழுமையாகச் சரியன்று. எனினும் அக்கழிவுகள் அங்கு கிடந்தன என்பது பொய்யன்று. முதலில் நீராவிக் கப்பல்களும் பின்னர் விமானங்களும் ஹாஜிகளைப் பெருக்கின. 1950இல் சுமார் ஓர் இலட்சமாக இருந்த வெளிநாட்டு ஹாஜிகளின் தொகை 1983இல் பத்து இலட்சத்தை எட்டியது. ஒரு சிறு பள்ளத்தாக்கில், மூன்று நான்கு நாட்களுக்குள், கடும் வெயிலில் இலட்சக்கணக்கான பிராணிகள்! உண்ண ஆளின்றி, குளிரூட்ட வசதியின்றிப் பெருந்தொகை இறைச்சி மண்ணில் புதைக்கப்பட்டது. அதே வேளை ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் எமது சகோதரர்கள் பசித்திருந்தார்கள்.

அறுப்பதை விடுத்துப் பணத்தைத் தர்மம் செய்தாலென்ன என்ற கேள்வி அப்போது எழுந்தது. வணக்கத்தை மாற்ற முடியாது என்பதே மார்க்க அறிஞர்களின் நிலைப்பாடாக இருந்தது. அது சரியான நிலைப்பாடே. ஆயினும் அத்தோடு நின்றிருந்தால் புதைகுழிகள் தொடர்ந்திருக்கும். 1983இல் (ஹிஜ்ரி 1403) சவூதி அரசு குர்பான் இறைச்சியைப் பயன்படுத்தும் திட்டத்தை ஆரம்பித்து, ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய அபிவிருத்தி வங்கியிடம் அதன் நிருவாகத்தை ஒப்படைத்தது. ஹாஜி பணம் செலுத்திச் சீட்டொன்றைப் பெறுவார். அவருக்காக, மிருக வைத்தியரின் பரிசோதனையின் பின், முறையான அறுப்புக்கூடத்தில் பிராணி அறுக்கப்படும். இறைச்சி முதலில் ஹரமின் ஏழைகளுக்கு வழங்கப்படும். மீதி உறைய வைக்கப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் வறியோருக்கு அனுப்பப்படும். இபாதத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது ஏற்பாடு மாத்திரமே.

எமது நாட்டில் 1907ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டமும், 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமும் உள்ளன. பிராணிகளை ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப் பத்திரம், அறுக்கும் இடத்தின் சுத்தம், கழிவுகளைப் புதைத்தல், அறுப்புப் படங்களைச் சமூக வலைத்தளங்களில் பகிராதிருத்தல் என்பன பற்றி அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா பெருநாள் காலங்களில் வழிகாட்டல்களை வெளியிட்டு வருகின்றது. சிலர் இவற்றைப் பெரும்பான்மைச் சமூகத்துக்குப் பயந்து செய்யும் விட்டுக்கொடுப்பாகக் கருதுகின்றனர். அஷ்ஷைஸரீ எவருக்குப் பயந்து எழுதினார் என்று அவர்களிடம் கேட்கத் தோன்றுகின்றது.

ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) பெருநாளைக்கு மறுநாள் களப்பு ஓரமாக நடந்து சென்றபோது நான் கண்ட காட்சி இன்னும் மனதை உறுத்துகின்றது. முன்னர் மத்ரஸாக்களுக்கு வருமானம் ஈட்டித் தந்த மாட்டுத் தோல்கள், வாங்குவாரின்றி நீரில் ஊதிப்போய்க் கிடந்தன. சுற்றிலும் குடலும், இறைச்சி பங்கிட்ட பைகளும். 2017 செப்டெம்பர் முதலாம் திகதி மெல்லிய பொலித்தீன் பைகளுக்கும் லன்ச் சீட்டுக்கும் தடை வந்தபோது, அவ்வாரத்திலேயே ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தது. பங்கிறைச்சியை எதில் கொடுப்பது என்று பலரும் திகைத்தனர். ஓலைப்பெட்டியிலும் தேக்கிலையிலும் பங்கு கொடுத்த தலைமுறையினர் அப்போதும் வீடுகளில் இருந்தனர். அவர்களிடம் கேட்டவர் சிலரே.

எங்கள் மஹல்லாவில் நீண்ட காலமாக உழ்ஹிய்யா அறுத்துவரும் வயோதிபர் ஒருவர் இருக்கின்றார். அறபுக் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். பெருநாள் இரவே கத்திகளைத் தீட்டி, துணியில் சுற்றி வீட்டில் வைத்துவிடுவார். அறுக்கும் இடத்தைச் சுற்றி ஓலைத் தட்டி மறைப்புக் கட்டச் சொல்வார். மாடுகள் மறுபக்கத்தில் வைக்கோலோடும் தண்ணீரோடும் நிற்கும். ஒன்றை அறுத்து, இரத்தத்தை மண்ணிட்டு மூடி, நிலத்தைக் கழுவிய பின்னரே அடுத்ததைக் கொண்டுவர அனுமதிப்பார். தாமதமாகின்றது என்று வாலிபர்கள் முணுமுணுப்பார்கள். ஒரு முறை நானும், இது எந்தக் கிதாபில் உள்ளது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது மௌலவி, அதுக்கு இரத்த வாடை தெரியும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.