கோடிக்கரையும் கற்கண்டும்

நம்மவர் இல்லங்களில் மணவினை நிகழுங்கால், பந்தல் வாயிலிற் சந்தனம், குங்குமம், பன்னீர் என்பவற்றோடு ஒரு தட்டிற் கற்கண்டும் வைத்தல் நெடுநாள் வழக்கம். வருவோர் யாவரும் இரண்டொரு துண்டெடுத்து வாயிலிட்டு உட்செல்வர். அஃது எங்ஙனம் உண்டாயிற்று என்று வினவுவார் ஒருவரையும் யாம் கண்டதில்லை. சென்ற தைத் திங்களில் எம் உறவினர் இல்லத்து மணத்திற்கெனப் பனங்கற்கண்டு வாங்கச் சென்றிருந்தோம். தட்டில் இருந்த பொருளின்மீது எமக்கு ஐயம் எழவே வணிகரை வினவினோம். அவர் சிறிதும் ஒளியாமல், "கரும்புச் சீனிப் பாகிற் பனைவெல்லம் சிறிது கலந்து நிறம் ஏற்றியது, ஐயா. மெய்ச்சரக்கு வேண்டுமெனில் மரமேறுவோரை நீங்கள் கொண்டு வாருங்கள்" என்றார். அவ்விடை எம்மை வருத்திற்று; ஆயினும் அதனை மறுத்துரைக்க எம்மிடம் ஒன்றும் இல்லை. கோடிக்கரைப் பக்கத்தே பிறந்து, பாட்டியார் கையாற் கற்கண்டு உண்டு வளர்ந்த யாமே அதனைச் செய்யும் முறையை மறந்திருந்தோம். அம்முறையை மீளத் தேடிய வரலாறே இக்கட்டுரை.

முதற்கண் பெயரை நோக்குவாம். கற்கண்டு என்பது கல்லும் கண்டும் கூடிய சொல். வடமொழியில் 'கண்டம்' என்பது துண்டு எனப் பொருள்படும். அச்சொல்லே பாரசீகம் புகுந்து 'கந்து' என்றாகி, அரபியர் வாயிலாக மேனாடு சென்று, ஆங்கிலேயர் நாவிற் 'காண்டி' என வழங்குகின்றது. நூற்கண்டு என்பதிலும் 'கண்டு' இருத்தலின், திரட்சியைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லே இதுவும் என்று வாதிடுவாரும் உளர். அவ்வழக்கில் ஈண்டுப் புகுகின்றிலம். சருக்கரை என்னும் சொல்லோ இன்னும் சுவையுடையது. வடமொழியிற் 'சர்க்கரா' என்றால் பருக்கைக் கல் என்று பொருள். ஆகவே கல் என்னும் கருத்து இவ்வினிப்பை விடாது தொடர்கின்றது. நம் அடுக்களையிற் 'கல்' என்னும் அடையோடு நிற்கும் பொருள்கள் இரண்டு: ஒன்று கல்லுப்பு, மற்றொன்று கற்கண்டு. இவ்விரண்டிற்கும் உள்ள உறவு பின்னர் விளங்கும்.

கௌடிலியர் இயற்றிய அருத்தசாத்திரத்தில் பாணிதம், குடம், மச்சியண்டிகை, கண்டம், சர்க்கரை என இனிப்பின் வகைகள் ஐந்து வரிசையாக எண்ணப்பெற்றுள்ளன. பாகு முதற் படிகம் ஈறாக அன்றே வகுத்துணர்ந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். பலகாலம் மறைந்து கிடந்த அந்நூலின் ஏட்டினை மைசூர் அரசினர் நூல்நிலையத்தில் ஒப்படைத்தவர் நம் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவரே. அதனை ஆராய்ந்து 1909ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் சாமசாத்திரியார். கி.பி. 647இல் சீன நாட்டுத் தாங் மரபின் பேரரசர் தைசுங், சருக்கரை காய்ச்சும் முறையைக் கற்று வருமாறு மகத நாட்டிற்கு ஆள் விடுத்தனர் என்று அந்நாட்டு வரலாறு கூறும். நம்மவரிடம் கற்றுச் சென்றவர் நாட்டின் பெயரையே பிற்காலத்து நாம் வெண்சருக்கரைக்கு இட்டுச் 'சீனி' என்கின்றோம். வடநாட்டாரோ கற்கண்டினை எகிப்து நாட்டின் பெயரால் 'மிசிரி' என்பர். தன் வீட்டுப் பண்டத்திற்கு அயலூர்ப் பெயர் வைத்து மகிழ்வது நமக்குப் புதியதன்று போலும்!

தமிழகத்திற்குக் கரும்பைக் கொணர்ந்தோர் அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் என்பது புறநானூற்றில் ஔவையார் பாடலால் அறியக் கிடக்கின்றது. கரும்பின் சாற்றைக் காய்ச்சும் ஆலைகளைப் புகை சூழ்ந்திருந்த காட்சியைப் பெரும்பாணாற்றுப்படை கூறும். அக்காலத்தார் பாகினை 'விசயம்' என்றனர். இத்துணை அழகிய சொல்லை நாம் கைவிட்டமை இரங்கத்தக்கது. பனைக்கோ தனி நூலே உண்டு. கும்பகோணத்து அருணாசலம் என்பார் பாடிய தால விலாசம் பனையின் பயன்கள் 801 என எண்ணுகின்றது.

நிற்க. கோடிக்கரைக்கு வருவாம். 1991ஆம் ஆண்டுவரை தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்து, பின் நாகப்பட்டினம் மாவட்டத்துள் அடங்கிய இவ்வூர், சோணாட்டு வயல்களெல்லாம் முடிந்து மணலும் காடும் கடலுமாக நிற்கும் முனை. அலையோசையும் காடுமே துணையாக இறைவன் இங்குத் தனித்திருத்தலைக் கண்டு மனம் நொந்து சுந்தரர் பதிகம் பாடினார். குழகர் கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவற்கு அமுதகடேசுவரர் என்று பெயர். அமுதக் குடத்தின் பெயர் தாங்கிய இவ்வூரை அடுத்துள்ள அகத்தியன்பள்ளியிலும் வேதாரணியத்திலும் விளைவது உப்பு. 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியினின்றும் தொண்டரொடு நடந்து வந்த இராசாசி, 30ஆம் நாள் உப்பெடுத்துச் சிறைப்பட்ட இடமும் இதுவே.

உப்பளத்தைக் கண்டறிந்தவர் கற்கண்டின் மறையிற் பாதியை அறிந்தவரே யாவர். இரண்டும் நீரிற் கரைந்த பொருள் மீண்டும் கல்லாகத் திரள்வன. வேறுபாடு ஒன்றே. 100 கிராம் நீரில் உப்பு 36 கிராம் அளவே கரையும். அந்நீரைக் கொதிக்கச் செய்யினும் 39 கிராமிற்குமேற் செல்லாது. ஆகலின் உப்பைத் திரட்ட வேண்டின் நீரை வெயிலில் வற்றவிடுதலே வழி. சருக்கரையோ அதே அளவு நீரிற் சாதாரண நிலையில் 200 கிராமும், கொதிநிலையில் ஏறத்தாழ 480 கிராமும் கரையும். கொதிக்கும் நீரில் மிகுதியாகக் கரைத்து ஆறவிட்டால், தாங்கமாட்டாத மிகுதியைப் பாகு தானே கல்லாக வெளியிடும். உப்பிற்கு வெயில், கற்கண்டிற்கு ஆறுதல். பாட்டியார் எண் ஒன்றும் அறியார். எனினும், "உப்புக்குக் காய்ச்சல் வேணும், கண்டுக்குப் பொறுமை வேணும்" என்பார்.

இனி, புதிதாகச் செய்யப் புகுவோர் முதற்கண் வெள்ளைச் சருக்கரையிலே கை பழகுதல் நன்று. சருக்கரை 1 கிலோவிற்கு நீர் 400 மில்லி கொள்க. சிறுதீயில் ஒரு மணியும் எஞ்சாது கரைத்து, ஒரு கொதி வந்தபின் இறக்கிவிடுக. அதற்கிடையே பருத்தி நூலைப் பாகில் தோய்த்துச் சருக்கரைப் பொடியிற் புரட்டி நன்கு உலர்த்துக. நூலிற் பற்றிய அம்மணிகளே விதை. விதையின்றேல் கல் நூலை விட்டுப் பாத்திரத்தின் அடியிற் படிந்துவிடும். ஈரம் உலராத நூலைச் சுடுபாகில் இட்டால் விதை கரைந்துபோம். பாகு வெதுவெதுப்பாக ஆறியபின், கண்ணாடிக் குவளையில் வார்த்து, மேலே ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, அடியைத் தொடாவண்ணம் நூலைத் தொங்கவிடுக. மெல்லிய துணியால் வாய்கட்டி, எறும்பு வாராதபடி நீர்த்தட்டில் நிறுத்துக. ஏழு முதற் பத்து நாள் அதனைத் தொடாதிருத்தல் வேண்டும். இதுவே மிகக் கடினமான பகுதி என்பதனைச் சிறுவர் உள்ள இல்லத்தார் அறிவர். கொதிக்கும் பாகு நீரினும் கொடிது. தோலிற் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அடுப்பருகே சிறுவரை விடற்க. சீராப் பாகு உறையாதிருக்க எலுமிச்சைச் சாறு பிழியும் பழக்கம் நம் பெண்டிர்க்கு உண்டு. கற்கண்டிற்கு அஃது ஆகாது. புளிப்புச் சருக்கரையைப் பிரித்துத் திரளவொட்டாது தடுத்துவிடும்.

பனங்கற்கண்டின் இடர்ப்பாடு முழுவதும் இப்புளிப்பிலேதான் உள்ளது. பாளையினின்று வடியும் சாறு சில நாழிகையிற் புளித்துக் கள்ளாகும். அதனைத் தடுக்கவே கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டுகின்றனர். அங்ஙனம் பெற்ற பதநீரில் நூற்றுக்கு 10 முதல் 12 பங்கு சருக்கரை இருக்கும். சுண்ணாம்பு அடியிற் படியுமாறு தெளியவைத்து, துணியில் வடித்து, எட்டில் ஒரு பங்கிற்கும் குறைவாகச் சுண்டும் வரை காய்ச்சுதல் வேண்டும். விரலிடையே பாகு கம்பியாக இழுபடுவதே பதம். பின் அதனை மண்பானையில் வார்த்து, பானையின் வாயில் நூல்களைக் கட்டித் தொங்கவிட்டு மூடுவர். பாட்டியார் அப்பானையை உமிக்குவியலிற் கழுத்தளவு புதைத்துவைப்பார். வெப்பம் மெல்ல மெல்லத் தணியுந்தோறும் கல் பருத்து வளரும் என்பதே அதன் கருத்து. ஒரு மண்டலம் கழிந்தபின்னரே பானை திறக்கப்பெறும். எஞ்சிய பாகினை வடித்தெடுத்து, நூலிற் கோத்த மணிபோல் நிற்கும் கற்களைக் கழுவி நிழலில் உலர்த்துவர். அந்நாளில் எமக்குத் தெருவில் ஆட்டம் இல்லை. உமிக்குதிரின் வாயிலிலேயே காத்துக்கிடப்போம்.

இஃது எங்ஙனம் மறைந்தது? மரங்கள் இல்லாமையாலன்று. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கசாப் புயல் வேதாரணியத்தை அடுத்துக் கரை கடந்தபோது தென்னந்தோப்புகள் வேரோடு வீழ்ந்தன. பனைகளோ பெரும்பாலும் நிமிர்ந்தே நின்றன. 2021இல் மாவட்ட ஆட்சியர் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்று தமிழக அரசும் அறிவித்தது. மரம் நிற்கின்றது, ஏறுவார் குறைந்தனர். ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்கும் அவ்வுழைப்பிற்கு ஏற்ற ஊதியத்தைக் கொள்வோர் தருவதில்லை. இழிவாக நோக்கும் நோக்கோ தவறாது தருகின்றனர். தம் மக்கள் அத்தொழிலிற் புகுதலை அவர்கள் விரும்பாமைக்கு அவர்களைக் குறைகூற யாம் துணியோம். தஞ்சையில் 1892இல் தோன்றிய குமரப்பா அவர்கள், 1934இல் நிறுவப்பெற்ற அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராக இருந்து, நன்செயைக் கரும்பிற்கு ஈயாது நெல்லிற்கு விட்டு, இனிப்பினைப் பனையிற் பெறுக என்று வற்புறுத்தினார். நெல்விளை நாட்டிற் பிறந்தவர் கூறிய அச்சொல்லை நெல்விளை நாட்டினராகிய நாமே கேட்டிலம்.

வணிகர் கூறிய விடையை மனத்துட்கொண்டு, சென்ற வேனிலில் யாமே முயன்றோம். மரமேறும் அன்பர் ஒருவரைத் தேடிக் கண்டு, அவர் கேட்ட விலைக்கே பதநீர் பெற்றோம். முதன்முறை, பள்ளி முடிந்து வந்து காய்ச்சலாம் என்று காலைப் பதநீரை மாலைவரை வைத்திருந்தோம். அது புளித்துவிட்டமையாற் பாகு பாகாகவே நின்றது. இரண்டாம் முறை பாகு நன்கு அமைந்தது. ஆயின் நாள்தோறும் பானையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தோம். நூலிற் கல் ஏறாமல், அடியெல்லாம் மணல்போல் நுண்ணிய பொடியே கிடந்தது. அசைவு மிகுந்தாற் சிறு மணிகள் பலவாகத் தோன்றி ஒன்றும் பருக்காது என்பதை அப்பொழுதே உணர்ந்தோம். மாணாக்கரைப் பொறுமையின்மைக்காகக் கடிந்துகொள்ளும் எம்மை எம் இல்லத்தார் அன்று நகைத்தனர்.

மூன்றாம் முறை இறக்கிய உடனே காய்ச்சி, உமியிற் புதைத்து, அறையைப் பூட்டிச் சாவியை எம் தமக்கையாரிடம் கொடுத்துவிட்டோம். நாற்பத்தைந்தாம் நாள் திறந்தபோது நான்கு நூல்களில் இரண்டிற் கல் ஏறியிருந்தது. உலர்த்தி நிறுத்ததில் கால் கிலோவிற்குச் சிறிது குறைவு. பதநீர் விலையும் விறகும் கணக்கிட்டால் கடைவிலையினும் மூன்று மடங்கு மிகும். மரமேறிய அன்பருக்கு ஒரு பங்கு கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் வாயிலிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்து, தம் தாயார் இவ்வாறு செய்ததாகவும், தாம் உண்டு முப்பது ஆண்டுகள் ஆயின என்றும் கூறினார். வரும் மாசியில் எமக்கென இரண்டு மரங்களிற் பாளை கட்டித்தர இசைந்துள்ளார்.

செய்து பார்க்க விரும்பும் அன்பர்கள் தத்தம் ஊரில் மரமேறுவோரிடம் தையிலேயே பேசி வைத்தல் வேண்டும். பானை பழகியதாக இருத்தல் நலம். புதுப்பானையாயின் மூன்று நாள் நீரூற்றி வைத்துப் பின் கொள்க.