காக்னியும் லேசியும்: இரண்டு பெண்களைப் பார்த்து பயந்த தொலைக்காட்சி

இரண்டு ஆண் போலீஸ்காரர்கள் நண்பர்களாக இருந்து திருடனைத் துரத்தினால் அது சாதாரண மசாலாக் கதை. அதே இடத்தில் இரண்டு பெண்களை வைத்தால்? அமெரிக்காவில் அது ஒரு பெரிய சண்டையாகவே ஆகிவிட்டது நண்பர்களே! இந்த செமஸ்டர் லீவில் 'காக்னி அண்ட் லேசி' தொடரை மறுபடி பார்த்தேன். திரையில் ஓடும் கதையை விட, திரைக்குப் பின்னால் நடந்த கதைதான் எனக்கு அதிக சுவாரசியமாகப் பட்டது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1974-ல் மாலி ஹாஸ்கெல் என்ற விமர்சகர், ஹாலிவுட் படங்கள் பெண்களை எப்படிக் காட்டுகின்றன என்று ஒரு புத்தகம் எழுதினார். ஆண்களின் நட்பைப் பற்றி அத்தனை படங்கள் எடுத்த ஹாலிவுட், பெண்களின் நட்பை மட்டும் அப்படி எடுக்கவில்லையே என்ற எண்ணத்தை அது கிளப்பியது. தயாரிப்பாளர் பார்னி ரோசன்ஸ்வைக் தூண்ட, பார்பரா அவடன், பார்பரா கார்டே என்ற இருவர் கதை எழுதினார்கள். சினிமாவுக்காக எழுதியது. வாங்க ஆளில்லை!

அப்போது தொலைக்காட்சியில் பெண் போலீஸே இல்லையா? இருந்தார்கள். 1974-ல் தொடங்கிய 'போலீஸ் வுமன்', 1976-ல் வந்த 'சார்லிஸ் ஏஞ்சல்ஸ்' எல்லாம் ஹிட். ஆனால் அவற்றில் கவர்ச்சிதான் முதலில், வேலை அப்புறம்.

ஒருவழியாக 1981-ல் சி.பி.எஸ். சேனல் அந்தக் கதையைத் தொலைக்காட்சிப் படமாக ஒளிபரப்பியது. நல்ல வரவேற்பு. 1982-ல் தொடராக ஆக்கினார்கள். நியூயார்க்கில் இரண்டு துப்பறியும் போலீஸ்காரிகள். மேரி பெத் லேசி (டைன் டேலி) கணவன், குழந்தைகள் உள்ளவள். கிறிஸ் காக்னி கல்யாணம் ஆகாதவள், வேலையே உயிர். படத்தில் காக்னியாக வந்த லொரெட்டா ஸ்விட், 'மாஷ்' தொடரின் ஒப்பந்தத்தில் இருந்ததால் வர முடியவில்லை. அவர் இடத்துக்கு மெக் ஃபாஸ்டர் வந்தார்.

ஆறே எபிசோடுகள்தான். மெக் ஃபாஸ்டரைத் தூக்கிவிட்டார்கள். பெயர் சொல்லாத ஒரு சி.பி.எஸ். அதிகாரி பத்திரிகைக்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? இரண்டு பேரும் ரொம்ப முரட்டுத்தனம், பெண்மை போதவில்லை, ஓரினச் சேர்க்கையாளர்கள் மாதிரித் தெரிகிறார்களாம்! இரண்டு பெண்கள் அடிபிடிக்குப் போகாமல் சேர்ந்து வேலை செய்தாலே சந்தேகம். நடிப்பு சரியில்லை என்று சொல்லியிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும்.

புதிய காக்னியாக ஷாரன் க்ளெஸ் வந்தார். அப்படியும் 1983-ல் பார்வையாளர் எண்ணிக்கை போதாது என்று தொடரையே நிறுத்தினார்கள். இங்கேதான் திருப்பம். ரசிகர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். கோடையில் மறு ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் கூடினார்கள். அதே ஆண்டு டைன் டேலிக்கு எம்மி விருதும் கிடைத்தது. சேனல் இறங்கி வந்தது. 1984 மார்ச்சில் தொடர் திரும்ப வந்து 1988 வரை ஓடியது. 1983 முதல் 1988 வரை ஆறு வருடமும் சிறந்த நாடக நடிகைக்கான எம்மியை இந்த இருவரைத் தவிர யாரும் வாங்கவில்லை. டேலிக்கு நான்கு, க்ளெஸ்ஸுக்கு இரண்டு!

இன்று பார்த்தால் டைப்ரைட்டரும் தோள்பட்டை தூக்கிய கோட்டும் சிரிப்பு வரவழைக்கும். துரத்தல் காட்சிகளும் பழசுதான். பழசாகாதது அந்த இருவரின் பேச்சு. ஸ்டேஷன் முழுக்க ஆண்கள் என்பதால், மனம் விட்டுப் பேச பெண்கள் கழிப்பறைக்குத்தான் போவார்கள். சண்டையும் அங்கேதான், சமாதானமும் அங்கேதான். லேசிக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. காக்னி குடிக்கு அடிமையாகி, 1987-ல் வந்த எபிசோடில் அதை ஒப்புக்கொள்கிறாள். 1985-ல் கருக்கலைப்பு பற்றிய எபிசோடைப் போடாதே என்று எதிர்ப்பு கிளம்பியபோது சி.பி.எஸ். பின்வாங்காமல் ஒளிபரப்பியது. மூன்று வருடத்துக்கு முன் பயந்த அதே சேனல்! அந்தத் தைரியத்தைக் கொடுத்தது கடிதம் எழுதியவர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. கடிதங்கள் தொடரைக் காப்பாற்றின, மெக் ஃபாஸ்டரைக் காப்பாற்றவில்லை. அந்த முதல் ஆறு எபிசோடுகளையும் தேடிப் பாருங்கள். ஒரு பெண் தன் வேலையைச் சரியாகச் செய்கிறாள், அவ்வளவுதான் தெரியும். பயப்படும்படி அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. உங்களுக்குப் புரிகிறதா?