ஓட்டக்காரனின் முழங்கால்

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன்னினும் பருத்த தேகிகள் மதில்போல் நெருங்கி நிற்கும் இடத்தை நோக்கித் தலைகுனிந்து பாய்வதையே ஜீவனோபாயமாகக் கொண்டவனை அமெரிக்கக் கால்பந்து உலகம் ‘ரன்னிங் பேக்’ என்று அழைக்கிறது. முழுப் பொறுப்பும் அவன் தோளில் விழும் அணிகளில் ஒரு பருவத்துக்கு முந்நூறு தடவைக்கு மேலும் அவன் பந்தேந்தி ஓடுவதுண்டு; அந்த ஓட்டங்களில் பெரும்பாலானவை யாரேனும் ஒருவன் அவனைத் தரையில் வீழ்த்துவதோடு முடிகின்றன. ஆகையால், கல்லூரியிலிருந்து புதிதாக வெளிவரும் ஓட்டக்காரனைத் தொழில்முறைக் கழகம் ஒன்று சம்பளம் பேசிச் சேர்த்துக்கொள்ள முற்படும்போது, இவன் எவ்வளவு வேகமாக ஓடுவான் என்பதைக் காட்டிலும், இவன் சரீரம் எத்தனை காலம் தாங்கும் என்ற கேள்வியே அதன் நிர்வாகிகளின் தூக்கத்தைக் கெடுத்து வந்திருக்கிறது.

ஆரம்பத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கும் வசதிகூட அவர்களுக்கு இருந்ததில்லை. 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி பிலடெல்பியா நகரத்து ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில், முந்தைய பருவத்தில் கடைநிலையில் நின்ற அணி முதலில் தேர்ந்தெடுக்கட்டும் என்ற, அவ்வூர்க் கழக உரிமையாளர் பெர்ட் பெல்லின் யோசனைப்படி முதன்முதலாக ‘டிராஃப்ட்’ கூடியபோது, கழகத்தார் அறிந்திருந்ததெல்லாம் பெரும்பாலும் பத்திரிகைகளில் படித்த புகழுரைகளே. நியூயார்க் ஜயன்ட்ஸ் கழகத்து வெலிங்டன் மாரா என்ற இளைஞர் வெளியூர்ப் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் சந்தா கட்டி வரவழைத்துக் குறிப்பெடுத்ததே அக்காலத்தில் பெரிய ஆராய்ச்சியாக எண்ணப்பட்டது. அன்று முதற்பெயராக அழைக்கப்பட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்து ஓட்டக்காரர் ஜே பெர்வாங்கர். அவர் கேட்ட தொகையை உரியவர்கள் கொடுக்கவில்லை. அவரும் வேறு உத்தியோகம் பார்க்கப் போய்விட்டார். முதன்முதல் தேர்வு பெற்ற ஓட்டக்காரரின் உடல் தாங்குமா தாங்காதா என்று பரீட்சித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் இவ்வாறு ஒருவருக்கும் வாய்க்காமலே போயிற்று.

கண்ணால் பார்த்து மதிப்பிடும் வழக்கத்தை ஒரு தொழிலாக்கியது லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் கழகம். முழுநேர ஊழியமாக ஊர் ஊராகச் சுற்றி ஆட்டக்காரர்களைக் கண்டறிந்து வந்த முதல் மனிதராக அக்கழகத்தின் எடி கோட்டல் பெயர் சொல்லப்படுகிறது. மற்றவர் எட்டிப் பாராத கறுப்பின மக்களின் கல்லூரிகளுக்கும் ராம்ஸ் கழகத்தின் பார்வை சென்றதன் பயனாக, 1949இல் லூயிசியானா மாகாணத்துக் கிராம்ப்ளிங் கல்லூரியிலிருந்து பால் யங்கர் என்ற பருவுடல் ஓட்டக்காரர் அக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். ‘டாங்க்’ என்ற பட்டப்பெயர் கொண்ட அவர் பத்துப் பருவங்கள் ஆடினார். பத்திரிகை வாசித்துத் தேர்ந்தெடுக்கும் முறையில் அவருடைய பெயர் அகப்பட்டிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

கண்ணின் சாட்சியத்தைக் கணிதத்தின் வசம் ஒப்படைத்தவர்கள் டல்லாஸ் கௌபாய்ஸ் கழகத்தார்; இவ்விடத்தில்தான் நம் தேசத்தவர் ஒருவர் எதிர்பாராத விதமாகக் கதைக்குள் பிரவேசிக்கிறார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்று, ஐபிஎம் நிறுவனத்தைச் சார்ந்த கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த சலாம் குரேஷி என்ற புள்ளியியல் நிபுணருக்குக் கிரிக்கெட் தெரியும்; அமெரிக்கக் கால்பந்தோ அந்நிய வஸ்து. ஆயினும், கழகத்தின் மேலாளர் டெக்ஸ் ஷ்ராம் 1960களின் தொடக்கத்தில் அவரை அணுகியபோது, வல்லுநர்கள் தத்தம் மனம்போனபடி எழுதிவந்த வர்ணனைகளையெல்லாம் பொதுவான சில குணங்களாகச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, கணிப்பொறியால் ஒப்பிடத்தக்க முறையொன்றை அவர் வகுத்தார். ஒழுக்கம், துரிதமும் உடற்கட்டுப்பாடும், போட்டி மனப்பான்மை, புத்திக்கூர்மை, வலிமை ஆகியவை அம்முறையின் தூண்களாக நின்றன. அடிபட்டாலும் தாங்கும் குணத்துக்கென்று அவற்றிடையே தனித்ததோர் இடமில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஆட்டத்தை அறியாதவராக இருந்ததே குரேஷிக்கு அனுகூலமாயிற்று என்று நினைக்கிறேன். நட்சத்திரங்களின் பெயரைக் கேட்டு மயங்க அவருக்குக் காரணமில்லை.

தாங்கும் சக்தியை எண்ணில் அடக்குவது ஏன் அரிதென்பதற்குச் சிகாகோ பேர்ஸ் கழகத்தின் வரலாறே போதும். அக்கழகம் 1965இலும் 1975இலும், இரு தடவையும் நான்காவது தேர்வாகவே, ஓர் ஓட்டக்காரரை எடுத்தது. முதலாமவர் கேல் சேயர்ஸ். முதற்பருவத்திலேயே, பந்தோடு எதிரணியின் முடிவுக்கோட்டைக் கடக்கும் ‘டச்டவுன்’கள் 22 அடித்து ஜனங்களைத் திகைக்கவைத்தவர். 1968இல் அவருடைய வலது முழங்காலின் தசைநார்கள் அறுந்தன. சிகிச்சைக்குப்பின் மீண்டு வந்து, 1969இல் 1,032 கஜம் ஓடி யாவருக்கும் முன்னின்றார். அடுத்த ஆண்டு இடது முழங்காலும் போயிற்று. மொத்தம் 68 ஆட்டங்களே ஆடிய அவர், 34ஆவது வயதில் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, அங்கே இடம்பெற்றவர்களில் அவரைவிட இளையவர் ஒருவருமில்லை. இரண்டாமவர் மிசிசிப்பி மாகாணத்து ஜாக்ஸன் ஸ்டேட் கல்லூரியின் வால்ட்டர் பேட்டன். உயரம் ஐந்தடி பத்தங்குலம், எடை ஏறக்குறைய இருநூறு ராத்தல். பார்வைக்கு அசாதாரணமான தேகமன்று. பதின்மூன்று பருவங்களில் அவர் தவறவிட்டது ஒரே ஓர் ஆட்டம், அதுவும் முதற்பருவத்தில். ஆற்றங்கரை மணலிலும் செங்குத்தான மேட்டிலும் ஓடி ஓடிக் காலை உரப்படுத்தியது ஒரு காரணம். மற்றொன்று, என் நோக்கில் அதைவிட முக்கியமானது: எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒதுங்கித் தப்பாமல், அடிக்க வருபவனைத் தானே முந்தி மோதுவது அவர் வழக்கம், மோதலின் கணத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை எதிரிக்கு விட்டுக்கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. ஆனால் அதே பாணியில், அவரினும் பெருத்த உடலோடு மோதிய ஏர்ல் கேம்ப்பெல் 1978இல் முதல் தேர்வாக வந்து, எட்டே பருவங்களில் ஓய்ந்து, பிற்காலத்தில் நடக்கவே சிரமப்படும் நிலையை எய்தினார். எனவே பாணியையும் பிரமாணமாகக் கொள்வதற்கில்லை.

1982இல் புளோரிடா மாகாணத்து டாம்பா நகரில், கல்லூரி ஆட்டக்காரர்களை ஒரே இடத்தில் கூட்டிப் பரிசோதிக்கும் முகாம் ஒன்று தொடங்கியது. 1987 முதல் இண்டியானாபோலிஸில் நடந்துவரும் அந்த ‘கம்பைன்’ இன்று தொலைக்காட்சிக் கேளிக்கையாகிவிட்டது. நாற்பது கஜ ஓட்டத்தில் ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்குக்காக ஜனங்கள் வாதிடுகிறார்கள். உண்மையிலோ அது வைத்திய சோதனையின் பொருட்டுப் பிறந்தது. அங்கே வரும் இளைஞன் அரைக்கச்சையோடு எடைபோடப்பட்டு, கழக வைத்தியர்கள் ஒருவர்பின் ஒருவராக முழங்காலை இழுத்தும் முறுக்கியும் பார்க்கச் சும்மா கிடக்கும் காட்சி, மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சுழி எண்ணும் தரகர்களை நமக்கு நினைவூட்டாமற் போகாது. அதில் மனித கௌரவத்துக்கு உகவாதது ஒன்று இருக்கிறதென்று அமெரிக்கர்களே சிலர் சொல்லியிருக்கிறார்கள். நான் அவர்கள் கட்சி.

இத்தனை முயற்சிக்கும் பலன் என்னவென்று கேட்பவர் 1995ஆம் ஆண்டு டிராஃப்டை எடுத்துப் பார்க்கலாம். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக் கி-ஜானா கார்ட்டரைச் சின்சினாட்டி கழகம் முதல் தேர்வாகக் கொண்டது. பருவம் தொடங்குமுன் நடந்த வெள்ளோட்ட ஆட்டத்தில், மூன்றாம் முறை பந்தைத் தொட்டு ஓடியபோதே அவர் முழங்கால் நார் கிழிந்தது. பழைய ஓட்டம் திரும்பவேயில்லை. கடைசிக் கல்லூரிப் பருவத்தின் பெரும்பகுதியைக் காயத்தால் இழந்து, உடல் நம்பத்தக்கதன்று என்ற சந்தேகத்தால் 74ஆவது இடம் வரை தள்ளப்பட்ட கர்ட்டிஸ் மார்ட்டின், தொடர்ந்து பத்துப் பருவங்கள் ஆயிரம் கஜத்துக்குக் குறையாமல் ஓடி, 14,101 கஜத்தோடு ஓய்வு பெற்றார். 196ஆவதாக வந்த டெரல் டேவிஸ் 1998இல் 2,008 கஜம் ஓடினார். மறு ஆண்டு முழங்கால் காயத்தால் வீழ்ந்தார். ஆயினும் அந்தச் சில பருவங்களின் பெருமையே அவரைப் புகழ்மண்டபத்தில் சேர்த்தது. மூவரையும் ஒரே காலத்தில், ஒரே கருவிகளால் அளந்தவர்கள் ஒரே தொழிலினர்.

கழகத்தார் பாடம் கற்றார்கள். ஆனால் அது வேறு பாடம். ஆட்டக்காரர் சங்கத்தோடு செய்துகொண்ட 2011ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப்பின் டிராஃப்டில் வருபவனின் சம்பளம் நான்காண்டுகளுக்குக் கட்டுப்படுத்தப்பட்டதால், அவன் அடியை நன்றாகத் தாங்கக்கூடிய வாலிபக் காலம் முழுவதும் மலிவான விலைக்கு அகப்படுகிறது. பிறகு அவனை விட்டுவிட்டு மற்றொருவனை எடுக்கலாம். 2013இலும் 2014இலும் முதற்சுற்றில் ஓர் ஓட்டக்காரன்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. கல்லூரியிலேயே இரண்டு முழங்கால்களிலும் சிகிச்சை செய்துகொண்டு, 2005இல் 65ஆவது தேர்வாக வந்த ஃபிராங்க் கோர், பதினாறு பருவங்கள் ஆடி, 16,000 கஜம் ஓடிய அந்த நெடுங்காலத்துக்குள்ளேதான் இந்த மாற்றம் நிகழ்ந்தது. இண்டியானாபோலிஸில் வைத்தியர்கள் இன்னும் முழங்காலை முறுக்கிப் பார்க்கிறார்கள். நான்காண்டு தாங்குமென்று அவர்கள் சொன்னால், அதற்குமேல் கேட்கக் கழகங்களுக்கு அவசியமிருப்பதில்லை.